நாலு ரிலேயும் அப்பாவின் சட்டைப் பையும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிய கையோடு அப்பா சபதம் போட்டார்.

"இந்த லாரியோட பழைய வயரிங்கை முழுசா உருவி எறிஞ்சுட்டு, புது ஃபியூஸ் பாக்ஸு, ரிலே எல்லாம் மாட்டுற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு வாய் காபி குடிக்க மாட்டேன்!"

"நம்ம வீட்டுல காபி போட்டு ஆறு வருஷம் ஆச்சு" என்றாள் அம்மா. "டீயைக் குடிங்க, ஆறுது."

அப்பா குடித்தார். சபதம் மட்டும் அப்படியே இருந்தது.

லாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு என்னைவிட ஒன்பது வயது அதிகம். எனக்குப் பதினேழு. பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். அதற்கு வீட்டில் விழுந்த திட்டு தனிக் கணக்கு. லாரி எட்டு மாதமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முன் அறை ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது. டயர் தெரியும். அம்மா துணி தைக்கிறவள். பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு, அந்த இருட்டறையில் மிஷினை மிதிப்பாள். மழைக்காலம் வேறு. வீடே பெட்டிக்குள் வைத்து மூடினது மாதிரி இருந்தது.

"சக்களத்தின்னா தனி வீட்டுல இருப்பா" என்பாள் அம்மா. "இவ என் ஜன்னல்லயே வந்து நிக்கிறா."

லாரி சும்மா நிற்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், தூறலில், பொழுது சாய்கிற நேரம், ஒரு வளைவில் அப்பா அதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். அவருக்கு விலா எலும்பு இரண்டு. லாரிக்கு பம்பர் ஒன்று. கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் இடது பக்கப் பார்வை போய்விட்டது, இனி ஸ்டீயரிங் பக்கமே போகாதீர்கள் என்றார்.

அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. காதில் ஒரு குறையும் கிடையாது.

"விளக்கு அணைஞ்சு போச்சு. வயரிங் கோளாறு. கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஆஸ்பத்திரியில் சொன்னார். தெருவில் சொன்னார். கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னார்.

"வித்துடலாங்க" என்றாள் அம்மா.

"விக்கலாம். ஆனா இந்த வயரிங்கோட வித்தா நாளைக்கு வாங்கினவன் என் பேரைச் சொல்லித் திட்டுவான். சரி பண்ணிட்டு விப்போம்."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டே நாள்."

அப்பாவின் இரண்டு நாள் எங்களுக்குத் தெரியும். எங்கள் குளியலறைக் கதவு இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிப் போன வருஷம் போனது.

அவருடைய திட்டம் எனக்கு உடனே புரிந்தது. வயரிங்கைப் புதுசாக்கி, விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டு, "பார்த்தியா? கோளாறு கண்ணுல இல்ல, வயர்ல" என்று ஊருக்குக் காட்ட வேண்டும். பிறகு ஓட்ட வேண்டும். விற்கிற எண்ணம் அதில் ஒரு நூலளவும் இல்லை.

டாஷ்போர்டைக் கழற்றினோம். கழற்றினேன். அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ வெளிச்சம் காட்டினார். உள்ளே பழைய ஃபியூஸ் பாக்ஸ். பீங்கான் கட்டைகள். ஃபியூஸ் போன இடத்தில் எல்லாம் அப்பாவின் கைவைத்தியம். ஒன்றில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஒன்றில் செப்புக் கம்பி, மூன்று சுற்று. ஹெட்லைட்டுக்கான இடத்தில் ஒரு கொண்டை ஊசி, கருகிப்போய்.

அம்மா அதை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சு வருஷமா இதைத் தேடுறேன். நம்ம பொண்ணுதான் தொலைச்சான்னு அவளைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அவசரத்துக்கு ஒரு நாள் மாட்டினேம்மா."

"அஞ்சு வருஷமா ஒரு நாளா? ஃபியூஸ்னா என்ன வேலைங்க செய்யும்?"

"கரண்ட் அளவுக்கு மீறிப் போனா, தான் உருகி வண்டியைக் காப்பாத்தும்."

"என் ஊசி உருகுமா?"

"உருகாது."

"அப்ப உருகினது யாரு?"

அப்பா டார்ச்சை அணைத்தார்.

அடுத்த தப்பு அன்றைக்கே நடந்தது. இருபத்தாறு வருஷத்துத் தூசியில் எல்லா வயரும் ஒரே நிறம், டீ வடிகட்டின சக்கை நிறம். ஒவ்வொன்றாக அடையாளம் போட்டுக்கொண்டு பிரிக்கலாம் என்றேன்.

"அடையாளமா? எல்லாம் என் மண்டையில இருக்கு பாப்பா. நீ வெட்டு."

வெட்டினேன். மறுநாள் காலையில் மண்டையில் ஒன்றும் இல்லை. ஊகத்தில் இணைத்தோம். பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால் வைப்பர் ஆடியது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் உள்விளக்கு எரிந்தது. அப்பா நம்பிக்கை இழக்காமல் பிரேக்கை இன்னொரு தரம் மிதித்தார். தெருவே வெளியே வந்து பார்த்தது.

அம்மாவும் வந்தாள். வாயில் நாலு குண்டூசி. கையில் வெள்ளைத் துணி நாடா.

"நீங்க மேல உக்காந்து நான் சொல்ற சுவிட்சை மட்டும் அமுக்குங்க. அடியே, அந்த டெஸ்ட் லாம்பை எடு."

"உனக்கு வயரிங் தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியாது. நாப்பது பிள்ளைங்க யூனிஃபார்ம் ஒரே துணியில தைக்கிறேன். ஒருத்தர் கையை இன்னொருத்தருக்கு மாத்தித் தைச்சிருக்கேனா?"

நாலு நாள் ஆனது. அப்பா சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினார். நான் வயரின் நுனியில் டெஸ்ட் லாம்பை வைத்தேன். எரிந்தால் அம்மா ஒரு துண்டு நாடாவில் சிவப்பு நூலால் பெயர் தைத்து, அதை வயரில் கட்டினாள். 'வலது விளக்கு.' 'பிரேக்.' 'ஹாரன்.' ஒவ்வொரு பெயருக்கும் அழகாக முடிச்சு. லாரியின் வயிற்றில் பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது.

அதற்குப் பிறகு புதுப் பெட்டியை மாட்டுவது சுலபம். கறுப்பு பிளாஸ்டிக். ஒரு பக்கம் கலர் கலராகத் தட்டை ஃபியூஸ்கள். மறுபக்கம் தீப்பெட்டி அளவில் நாலு ரிலே. ஹெட்லைட், வைப்பர், ஹாரன், ஸ்டார்ட்டர். மூடியின் உள்பக்கம் எது எங்கே என்று நான் எழுதி ஒட்டினேன். அப்பாவுக்கு மார்பு விரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி வகுப்பெடுத்தார்.

"இந்த ரிலே இருக்கே, இது வேலைக்காரன் மாதிரி. முன்னாடி எல்லாம் விளக்குக்குப் போற மொத்தக் கரண்டும் சுவிட்சு வழியாப் போகும். சுவிட்சு சுடும். இப்ப சுவிட்சு ஒரு குரல் கொடுத்தாப் போதும். பாரத்தை ரிலே தூக்கும்."

"நம்ம வீட்டு ஏற்பாடுதான்" என்றாள் அம்மா. "நாலும் ஒரே மாதிரி இருக்கே?"

"ஒரே அச்சு! அதுலதான் சூட்சுமம். நடுவழியில ஸ்டார்ட்டர் ரிலே போயிடுச்சுன்னு வை. இப்படி ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அங்க சொருகினாப் போச்சு. சத்தம் போடாம வீடு வந்து சேரலாம்."

"சத்தம் போடாமயா?" அம்மா அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல ஏற்பாடு."

அன்று சாயங்காலம் மழை கட்டி நின்றது. அப்பா என்னை சீட்டில் உட்கார வைத்துவிட்டு, தான் லாரிக்கு முன்னால் போய் நின்றார். சுவிட்சைப் போட்டேன். ரிலே 'டிக்' என்றது. இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தன. எதிர்வீட்டுச் சுவரில் செங்கல் செங்கலாக எண்ணலாம். அப்படியொரு வெளிச்சம்.

அப்பா லாரிக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"பாப்பா, ரெண்டும் எரியுதா?"

"எரியுதுப்பா" என்றேன்.

அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளோடு வாசலில் நின்றிருந்தாள். துணியை மடிக்க உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சனிக்கிழமை செங்கல் சூளைக்காரர் வரார். வண்டி ஓடிச்சுன்னா அன்னிக்கே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"அதுக்குள்ளயா? இன்னும் டெஸ்டிங் பாக்கி இருக்கு!"

"நான் பாத்துட்டேங்க டெஸ்டிங்கை."

சனிக்கிழமை காலையில் அப்பா என்னை லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். ஸ்டார்ட்டர் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தார்.

"வண்டி கிளம்பாது. அவரும் போயிடுவார். நீ வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம்?"

"அப்பா, இது சரியில்ல."

"சரியான்னு கேக்கல. சத்தியமான்னு கேட்டேன்."

சத்தியம் செய்தேன். வாயைத் திறக்கவும் இல்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அப்பா அன்று முழுக்க நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே நடந்தார். அம்மா இரண்டு தரம் கேட்டாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லியே."

"பிரியப் போறோமேன்னு வருத்தமா?"

"அதான், அதான்."

சூளைக்காரர் குடையோடு வந்தார். நல்ல மனுஷர், குரல் கொஞ்சம் பெரிசு. லாரியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பார்த்து, வயர்களில் தொங்கிய நாடாக்களைப் படித்து அசந்துபோனார்.

"அண்ணே, என் கல்யாண ஆல்பம்கூட இவ்வளவு ஒழுங்கா இல்ல."

அப்பா ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். மூன்றாவது தரம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். நடிப்பென்று தெரிந்தும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நேத்து வரைக்கும் ஓடிச்சு தம்பி. என்னை விட்டுப் போக இவளுக்கு மனசில்ல."

சூளைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "வண்டிக்கும் பாசம் உண்டுண்ணே. நான் வேணா வேற பாத்துக்கறேன்" என்று குடையை விரித்தார்.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணா" என்றாள் அம்மா.

ஏறினாள். பெட்டியின் மூடியைத் திறந்தாள். என் கையெழுத்தில் ஒரு தரம் விரலை ஓட்டினாள். மூன்றாவது இடத்து ஹாரன் ரிலேயைப் பிடுங்கி, காலியாக இருந்த நாலாவது இடத்தில் சொருகினாள். ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இப்பத் திருப்புங்க."

அப்பா திருப்பவில்லை. அம்மாவே எட்டித் திருப்பினாள். இருபத்தாறு வயது லாரி முதல் திருப்பிலேயே உறுமியது. அதற்கும் அப்பா பக்கம் சேரத் தெரியவில்லை.

சூளைக்காரர் சந்தோஷத்தில் கையை உள்ளே விட்டு ஹாரனை அமுக்கினார். சத்தமே இல்லை.

அப்பாவின் முகத்தில் ஒரு பொட்டு உயிர் வந்தது.

"ஹாரன் இல்லாம எப்படிங்கக்கா?" என்றார் சூளைக்காரர். "சூளைக்குப் போற வழி பூரா ஆடு மாடுங்க."

"ஹாரன் இருக்குண்ணா. ராத்திரி எவனாவது வண்டியைக் கிளப்பிட்டுப் போயிடுவான்னு, இவர் ஒரு ரிலேயை மட்டும் கழட்டிப் பத்திரமா வச்சிருக்கார். அவ்வளவு பொறுப்பு." அம்மா கையை நீட்டினாள். "கொடுங்க. நெஞ்சு பக்கத்துலயே வச்சுக்கிட்டு மறந்துட்டீங்க பாருங்க."

சூளைக்காரர் அப்பாவைக் கும்பிடாத குறை. அப்பா இல்லை என்று சொல்லலாம். சொன்னால் திருடன். எடுத்துக் கொடுத்தால் பொறுப்பானவர். அவருக்கு அம்மா விட்டுவைத்த வழி அது ஒன்றுதான். அப்பா பையில் கை விட்டார். அம்மாவிடம் கொடுக்கவில்லை. தானே பெட்டிக்குள் விரலால் தடவித் தடவி, காலி இடத்தைக் கண்டுபிடித்துச் சொருகினார். பார்க்கவே இல்லை.

ஹாரன் அடித்தது. தெருவே வெளியே வந்து பார்த்தது.

லாரி மூலை திரும்புகிற வரை அப்பா வாசலில் நின்றார். திரும்பிய பிறகும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மழை லேசாகப் பிடித்தது. நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

முன் அறையில் எட்டு மாதத்துக்குப் பிறகு பகல் வந்திருந்தது. அழுக்கு மழைப் பகல்தான். இருந்தாலும் பகல். அம்மா முதல் காரியமாகப் பல்பை அணைத்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூரை முழுக்க ஒட்டடை.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து காலிப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த இடது மூலையில பெரிசா ஒரு ஒட்டடை தொங்குதே, உங்களுக்குத் தெரியுதா?"

"ஏன் தெரியாம? நல்லாத் தெரியுதே!" என்றார் அப்பா. எட்டு மாதப் பழக்கம்.

அம்மா ஒட்டடைக் கம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"தெரியுதில்ல? அடிங்க."