காணாமல் போன பாதம்

"ஏமிரா, என்னடா இது? ஒரே ராத்திரியில நம்மாத்தை வடகலையாக்கிட்டயே!"

வெங்கடராகவன் செல்போனை மகன் பார்த்தாவின் மூக்கருகே நீட்டினார். திருப்பதி வைஷ்ணவக் குடும்பங்களுக்காகப் பார்த்தா நடத்தும் வரன் தேடும் வலைத்தளம் அது. தங்கை ப்ரியம்வதாவின் படத்துக்குப் பக்கத்தில் நாமம் இருந்தது; மூக்கில் இறங்கும் பாதம் அதற்கு இல்லை. தென்கலைக்குப் பாதம் உண்டு, வடகலைக்குக் கிடையாது. இதற்காகவே தட்டிப்போன சம்பந்தங்கள் ஊரில் ஏராளம்.

"பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க்னு ஒரு ரெடிமேட் அலங்காரம் சேர்த்தேன்பா. அது பாதத்தை மறைச்சுடுத்து."

"லட்சணம் யார் கேட்டா? இவளைப் பார்த்துட்டுப் போன சித்தூர்ப் பிள்ளையாத்துக்காரா இன்னிக்குத்தான் முடிவு சொல்லப்போறா!"

ப்ரியம்வதா வாசற்படியில் நின்றாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குண்ணா. கெடுத்துடாதே."

பார்த்தா உடனே கணினியைத் திறந்தான். 'பாதம் தெரிந்தே ஆகவேண்டும்' என்று நிரலில் ஒரு வரி எழுதிச் சேர்த்தான். தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. வடகலை வரன்களுக்கெல்லாம் பாதம் முளைத்தது. 'விருப்பம் தெரிவிக்க' என்ற பொத்தானுக்கும் முளைத்தது.

போன் அலறியது. வடகலை மாமா ஒருவர், "எங்க பரம்பரையையே மாத்திட்டயேடா!" என்று கத்தினார்.

பதறிப்போய் நாமங்களை மொத்தமாக எடுத்தான்.

"இப்போ எல்லாரும் பாழ்நெத்தியா நிக்கறா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

நாமத்தைத் திரும்பப் போட்டு, கோபத்தில் ஃப்ரேம்வொர்க்கையே பிடுங்கினான். பக்கம் சரிந்தது. படங்கள் நழுவி, மீசைக்கார மாமா ஒருவர் ப்ரியம்வதா என்ற பெயரில் வரன் தேடினார்.

"அண்ணா!"

"இரும்மா, இரு!"

நேற்றைய பழைய பிரதியையே ஏற்றினான். அழகில்லாத அதே பக்கம் வந்தது. தங்கைக்குத் தங்கை முகம், நாமத்துக்குப் பாதம். அப்பா கண்ணை மூடி, "கோவிந்தா!" என்றார்.

அப்போது சித்தூரிலிருந்து அழைப்பு. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். பையனின் அம்மா வைஜயந்தியின் குரலில் உற்சாகம் பொங்கியது.

"மாமா, காலம்பற நீங்க பாதத்தை எடுத்து வடகலைதான்னு உண்மையை ஒத்துண்டேளே, அப்பத்தான் எங்களுக்கு உயிரே வந்தது; பொண்ணு கிடைக்கணுமேன்னு நாங்களும் உங்களை மாதிரியே தென்கலைன்னு பொய்தான் போட்டிருந்தோம், தாம்பூலத்தோட சந்திரகிரி தாண்டிட்டோம், இன்னும் அரை மணியில உங்காத்து வாசல்ல இருப்போம்!"