அந்தோணிராஜ் கொடுத்த வெளிச்சம்

அதிகாரி வர இன்னும் பத்தே நிமிஷம். அம்பத்தூர் உலைத்தொழில் சங்கத்தின் மேலாளர் அந்தோணிராஜுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒட்டாதா பின்னே?

பருவநிலையைக் காப்பாற்ற, ஆறு மாதத்தில் நிலக்கரி உலைகளை மூடி மின் உலைக்கு மாற வேண்டும் என்று அரசு வரைவு விதி போட்டிருந்தது. அதிகாரி கருத்துக் கேட்க வருகிறார். சங்கத்துக்கு ஐந்து வருஷம் அவகாசம் வேண்டும்.

"உன்ன உட்டா இதுக்கு வேற ஆளே இல்ல அந்தோணி. கூட்டம் முடியட்டும், உன் வேலையப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கோதண்டம் வரவேயில்லை. அந்தோணிராஜ் எட்டு வருஷமாகத் தற்காலிகம், பாவம்.

கூட்டம் தொடங்கியது. பட்டறைக்காரர் நாகப்பன் எழுந்தார். "கரண்ட நம்பி எப்படி சார் இரும்பு உருக்குறது? பாதியில போச்சின்னா உலையிலயே ஒறஞ்சிபூடும்!"

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. ஒரே கைதட்டல்.

"நியாயமாத்தான் இருக்கு" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அந்தோணிராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்த மனிதர் இருட்டிலா உட்காருவது? பின்பக்கம் ஓடி, சங்கத்தின் பழைய டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அடப்பாவி மனுசா!" நாகப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கரண்ட் போனாலும் சமாளிக்கிறீங்களே!" அதிகாரி பேனாவை மூடினார்.

அதற்குள் ஜன்னல் வழியாகக் கரும்புகை வந்தது. அந்தோணிராஜ் பாய்ந்து எல்லா ஜன்னலையும் சாத்தினார். வந்த புகை வெளியே போக வழியில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அது புகையைச் சுருட்டி மேடைக்கே அனுப்பியது. வெள்ளைச் சட்டையில் வந்த அதிகாரி சாம்பல் சட்டையில் வெளியே ஓடினார்.

"அஞ்சு வருஷமா? ஒரு நாள்கூடக் கிடையாது!" இருமலுக்கு நடுவே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்தோணிராஜ் தலைவருக்குப் போன் போட்டார். "தலைவரே, மன்னிச்சிடுங்க. எல்லாம் போச்சு."

மறுமுனையில் சிரிப்பு. "பரவால்லப்பா. நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்."

போனை வைத்ததும் அந்தோணிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "தலைவர் தங்கமான மனுஷன், பூங்காவனக்கா! காரியம் கெட்டும் வேலை குடுக்குறாரு!"

சங்கத்துக்கு டீ கொண்டுவரும் பூங்காவனம் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அட போ நைனா! போன வெள்ளிக்கெழம உங்க தலைவரு வெள்ளானூராண்ட மின் உலை விக்கிற கம்பெனி ஒண்ணு சொந்தமா புச்சா தொறந்தாரு, நான்தான் டீ ஊத்துனேன். 'கூட்டத்துக்கு யார அனுப்புவீங்க'ன்னு ஒருத்தரு கேட்டாரு, 'தொட்டதெல்லாம் கெடுக்குற ஆளு ஒருத்தன் கீறான்'னு உன் பேரத்தான் சொன்னாரு."