ஆகாயத்துப் போனுக்குத் தாய்மாமனை அழைக்காத காரணம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு.
ஆகஸ்டு 1993

மதிப்பிற்குரிய மச்சான் ராமதாஸ் அவர்களுக்குத் தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை புஷ்பவள்ளியும் சுகம். மகள் சந்திரிகா பூமிக்கு மேலே சுகம். கெப்பாலா பத்தாஸில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கத் தண்ணீர்மலை முருகன் துணை.

சந்திரிகா விண்வெளியிலிருந்து வீட்டுக்குப் பேசியபோது தாய்மாமனைக் கூப்பிடவில்லை என்று உங்களுக்கு வருத்தமாம். நியாயம்தான். உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை, நம் ஆட்களில் முதல் பெண்ணாக ராக்கெட் ஏறியிருக்கிறாள். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். அவளுடைய அமெரிக்க ஆபீஸ்காரர் காலையில் கூப்பிட்டு, இன்றைக்கு எந்நேரமும் அழைப்பு வரும், லைனைப் பிடிக்காதீர்கள் என்றுவிட்டார். போனையே தொடக்கூடாது என்றால் உங்களை எப்படி மச்சான் கூப்பிடுவது? நடந்து வரக்கூடியவர்கள்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டு சலேஹா குவே பலகாரத் தட்டோடு வந்தார். நாசி கண்டார் சோற்றுக்கடை ஜபருல்லா அண்ணன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தன் ஸ்பீக்கர் போனைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். அவர் பின்னாலேயே கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கை கழுவாமல் வந்துவிட்டார்கள்.

மணி அடித்ததும் உங்கள் தங்கை பாய்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. வாயத் தொறந்தா சோறு மிதந்து வருது."

"வெளியே கிளியே போகாதே. காத்து பட்டா சளி பிடிக்கும்."

"நேத்தே போயிட்டு வந்துட்டேம்மா. இங்க காத்தே இல்லலா."

வெயிலிலிருந்து கரண்டு எடுக்கும் பலகை விரியாமல் சிக்கிக்கொண்டதாம், இவள் வெளியே மிதந்து போய் இழுத்து விரித்தாளாம். வீட்டில் ஜன்னல் கதவு சிக்கினால் என்னைக் கூப்பிடுகிற பிள்ளை! அப்புறம் சலேஹா, மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்றார். ஜபருல்லா அண்ணன் மேலே கோழி கிடைக்குமா என்றார். எனக்குப் போன் பக்கம் போகவே வழியில்லை. திடீரென்று சந்திரிகா, "பினாங்கு மேல கறுப்பா மேகம் வருது, துணியெல்லாம் எடுங்க!" என்றாள். அடுத்த நொடி வீடு காலி. உங்கள் தங்கைதான் முதலில் ஓடினாள்.

"அப்பா, தனியா இருக்கீங்களா?"

"ஆமாம்மா."

"நேத்து வெளியே என் கயிறு கம்பியில மாட்டிக்கிச்சு. கொஞ்ச நேரம் உள்ள வர முடியல. ரொம்ப பயந்துட்டேன்பா. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

இங்கிலீஷில் ஒரு வாழ்த்துரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் மச்சான். "பார்த்து வாம்மா" என்றேன். லைன் போய்விட்டது. வெளியே எட்டிப் பார்த்தால் பளீரென்று வெயில். கை நிறையத் துணியோடு அத்தனை பேரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் ஃபெரியில் வேலை பார்த்தவன். ஆயுசுக்கும் வேலையில் நான் போன தூரம் அக்கரை பட்டர்வொர்த். இப்போது நான் அக்கரை போய் மீன் வாங்கித் திரும்புவதற்குள் அவள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒருதடவை அவளை விடமாட்டேன், இது உறுதி. நான் சொன்னால் எதிர்த்துப் பேசுவாள், தாய்மாமன் சொன்னால் கேட்பாள். இனிமேல் தரையிலேயே வேலை பார் என்று கண்டித்து எழுதுங்கள். கயிறு விஷயம் உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புள்ள,
தங்கராஜு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. பத்திரமாக இறங்கிவிட்டாள். "அப்பா, அடுத்த வருஷமும் போகச் சொல்றாங்க. நீங்க வேணாம்னா போகல" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போறதுதான் போற, செவ்வாய் மட்டும் வேணாம்" என்று வந்துவிட்டது. ஆகவே நீங்கள் அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம். "செவ்வாய்க்கெல்லாம் இன்னும் யாரும் போகலப்பா" என்று சிரிக்கிறாள். நான் கிழமையைச் சொன்னேன்.