தக்காளி மண்டியில் சர்க்கரை அளவு

பாலக்கோட்டைச் சுற்றி யாருக்கு என்ன வியாதி என்பது டாக்டருக்கு முன்பே தெரிந்த ஒரே ஆள் மைக் அண்ணன்தான். அவர் வைத்தியர் இல்லை. தக்காளி மண்டியில் மைக் பிடித்து ஏலம் கூறுகிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தப்பு என்னுடையது. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் பதிவாளர். பழைய நோட்டுகளை மூட்டை கட்டிவிட்டு எல்லா நோயாளிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். செல் நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் நம்பர் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது, விலை கேட்கக் கூப்பிடும் மைக் அண்ணன் நம்பர் ஒன்றுதான். ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நானும் தட்டிக்கொண்டே போனேன்.

ஒருநாள் தக்காளி வாங்க மண்டிக்குப் போனேன். மைக் அலறியது.

“நாட்டுத் தக்காளி நாலு பெட்டி, கேக்கறவங்க கேளுங்க. சின்னசாமி அண்ணே, உங்களுக்குச் சக்கர முந்நூத்திப் பத்துங்க. அந்த ஜிலேபியக் கீழ வைங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட அதிர்ச்சி, சின்னசாமி ஜிலேபியைக் கீழே வைத்தது.

விசாரித்தால், ஆஸ்பத்திரியிலிருந்து தானாகப் போகிற மெசேஜ் அத்தனையும் அவர் செல்லில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் உண்டாகியிருப்பதை அவள் மாமியாரே ஏலத்துக்கு நடுவில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். இதெல்லாம் ரகசியம் அண்ணா என்று கெஞ்சினேன்.

“ஒளிச்சு வைக்க இதென்ன திருட்டுங்களா மேடம்?” என்றார்.

நம்பர்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஒன்றைத் திருத்துவதற்குள் புதிதாக மூன்று பேர் அதே நம்பரைச் சொன்னார்கள்.

ஒரு காலை, திரையில் மாதையன் பெயர் வந்தது. மண்டியில் பெட்டி தூக்குகிறவர். சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்திருந்தது. மெசேஜும் போய்விட்டிருந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் குணமாகிற வியாதிதான். ஆனால் மைக்கில் வந்துவிட்டால் அந்த மனுஷன் பக்கத்தில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். பிழைப்பே போய்விடும். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டியில் பறந்தேன்.

மைக் அண்ணன் செல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி மாதையன் இருமிக்கொண்டே பெட்டி இறக்கினார். நான் கையை ஆட்டினேன். அண்ணன் திரும்பவே இல்லை. தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் வந்திருக்குது. எனக்கு டி.பி.யாம். ரெண்டு வாரம் மாத்தர சாப்பிட்டா யாருக்கும் ஒட்டாதாம், அதுவரைக்கும் மண்டிக்கு வரமாட்டன். மாத்தர வாங்க, கூடமாட ஓட எனக்கு மாதையன்தான். அவனும் வரமாட்டான், தேடாதீங்க.”

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மைக் இல்லாமல் இரண்டு மணி நேரம் இருக்க முடியாதவர், நல்ல சீசனில் இரண்டு வாரம் வீட்டில் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

மாதையன் ஆறு மாதமும் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காக வந்து, “அண்ணனுக்கு மாத்தரைங்க” என்று வாங்கிப்போய்த் தான் விழுங்கினார். குணமாகி, இப்போது இரண்டு பெட்டியைச் சேர்த்துத் தூக்குகிறார். அவரே எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆறு மாதமும் டீக்கடையில் மைக் அண்ணனுக்கு மட்டும் ஓரமாக ஒரு தனி டம்ளர். அவர் அதிலேயே குடித்துவிட்டுப் போனார். நான் மண்டிக்குப் போகும்போதெல்லாம், அதே டம்ளரைக் கழுவி எனக்கும் ஒரு டீ போடச் சொல்வேன்.