சுவர் ஏறிய மணப்பெண்

உலகத்துப் பேய்களையெல்லாம் இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: காய்ந்த பேய், ஈரப் பேய். காய்ந்த பேயை யாரும் ஓட்டலாம். ஈரப் பேயை ஓட்டத் தெரிந்தவர் கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரை ஒருவர்தான். அவர் கில்பட் மாஸ்டர். இதைச் சொன்னவரும் கில்பட் மாஸ்டர்தான். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

மாஸ்டர் முன்பு கில்பட் மேசனாக இருந்தார். மாம்புரியில் நிக்கொலஸ், பவுலினா தம்பதியின் வீடு கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டியது. பழசாகத் தெரிகிறது என்று சொல்லி, ஹோல் சுவருக்கு உள்ளும் புறமும் தடிப்பாகச் சீமெந்து பூசியவர் அவர்தான். முதல் மாரி மழைக்குச் சுவர் வியர்த்தது. அடுத்த மாரிக்கு முழங்கால் உயரத்தில் வெள்ளையாக ஒரு உருவம் பூத்தது. மேசன் பார்த்தார், கண்ணை மூடினார், திறக்கும்போது மாஸ்டராகிவிட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் களப்புத் தண்ணீரில் மூழ்கிய மணப்பெண்ணாம் அது.

சிகிச்சை, மந்திரித்த தண்ணீரில் குழைத்த இரண்டாம் சீமெந்துப் பூச்சு. பெண் இடுப்புக்கு ஏறினாள். மூன்றாம் பூச்சு. நெஞ்சுக்கு ஏறினாள். பேய் எதிர்க்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று மாஸ்டர் விளக்கினார். எல்லோருக்கும் விளங்கியது.

கூட்டம் கூடியது. கடலைக்காரன் வந்தான், ஐஸ்கிறீம் வான் வந்தது, பெண்ணின் ஆத்ம சாந்திக்கு ஒரு உண்டியல் வந்தது. அதன் பூட்டுத் திறப்பு மாஸ்டரின் இடுப்பில். சுவரிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூளைப் பிள்ளைகளுக்குத் தாயத்துக் கட்டக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோனார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பாலாவிக்காரர். அங்கே உப்பளத்தில் இதே வெள்ளை தினமும் பூப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். தரையில் பூத்தால் உப்பு. சுவரில் பூத்தால் மணப்பெண்.

கடைசியில் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். பெண் கழுத்துயரத்துக்கு வந்துவிட்டாள். கூரையைத் தொட்டால் உயிர்ப்பலி. அதற்கு முன் வீட்டை இடிக்க வேண்டும். திங்கட்கிழமை ஜேசிபி வரும். ஜேசிபிக்காரர் மாஸ்டரின் மச்சான் என்பது தற்செயல்.

நிக்கொலஸ் தலையாட்டிவிட்டான். பவுலினாவால் முடியவில்லை. இந்த வீட்டை விட்டால் அவளுக்குச் சிலாபத்தில் அண்ணி வீட்டுப் பின்னறைதான் கதி. யோசித்துப் பார்த்ததில், அண்ணியை விடப் பேய் பரவாயில்லை என்று பட்டது.

அவளை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. சீமெந்து போதாமல் விட்டுப்போன குசினிச் சுவர் மட்டும் பழைய சுண்ணாம்போடு, சுட்ட பணிஸ் மாதிரிக் காய்ந்து கிடந்தது.

“மாஸ்டர், இவ குசினிப் பக்கம் மட்டும் ஏன் வாறாள் இல்ல?”

“கல்யாணமாகாத பொண்ணு, தங்கச்சி. குசினி பழக்கமில்ல.”

“சுண்ணாம்புச் சுவர் எண்டதாலயோ?”

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சுண்ணாம்பு வெத்திலைக்குத் தடவுறது. வீட்டுக்குத் தடவுறவன் மடையன்.”

ஞாயிறு மத்தியானம் மாஸ்டருக்குக் கடைசி விருந்து. முற்றத்துக் கூட்டம் ஜன்னலால் எட்டிப் பார்க்க, சுவருக்கு முன்னால் கதிரை போட்டு அமர்ந்து சாப்பிட்டார். சோறு, சொதி, நெத்தலிப் பொரியல், தேங்காய்ச் சம்பல். சம்பலை இரண்டாம் தரமும் வாங்கினார்.

“எல்லாம் நல்லம் தங்கச்சி. சம்பலுக்குத்தான் உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“நான் உப்பே போடல்ல மாஸ்டர்,” என்றாள் பவுலினா. “சுவரைச் சுரண்டி உங்கட பொண்ணத்தான் போட்டன். அவ இப்ப உங்கட வயித்துக்குள்ள. ஓட்டிக் காட்டுங்க, பாப்பம்.”

மாஸ்டரின் வாயில் இருந்த நெத்தலி அங்கேயே நின்றது.

கூட்டத்திலிருந்து ஒருவன் உள்ளே வந்து சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தான். பிறகு இன்னொருவன். பிறகு கியூ நின்றது. உப்பளத்துக் கிழவர் ஒருவர் தாயத்தைப் பிரித்துக் கொட்டிக்கொண்டு, தரம் குறைந்த உப்பு என்றார்.

பவுலினா அலவாங்குக் கம்பியை எடுத்துச் சுவரில் ஒரு போடு போட்டாள். சீமெந்து பலகை பலகையாகக் கழன்றது. பின்னால் முருகைக்கல் கருத்து, நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது.

“நிலத்துத் தண்ணி உப்பைத் தூக்கிக்கொண்டு சுவருக்குள்ள ஏறுது,” என்றாள் கணவனிடம். “சுண்ணாம்பெண்டா அதை வெளிய விட்டுரும். சுவர் மூச்சு விடும். இவர் சீமெந்தால வாயப் பொத்தினார். வெளிய போக வழியில்லாம அது மேல மேல ஏறியிருக்கு. ஒவ்வொரு பூச்சுக்கும் பொண்ணு ஏன் வளந்தா எண்டு இப்ப விளங்குதா?”

நிக்கொலஸ் திரும்பிப் பார்த்தபோது கதிரை காலி. மாஸ்டர் குசினி வழியாகப் போயிருந்தார். உண்டியலும் கூடவே போயிருந்தது.

திங்கட்கிழமை சொன்னபடி ஜேசிபி வந்தது. கொத்தித் தள்ளிய சீமெந்தை அள்ளிக்கொண்டு போனது. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அடுத்த மாரியில் வெளியே வெள்ளம். உள்ளே நிக்கொலஸ் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கினான்.

பயப்படுவதற்குப் பஸ் பிடித்து வந்த பெருமக்களே, யோசிப்பதற்கு டிக்கெட் வேண்டாம். வீட்டில் இருந்தபடியே செய்யலாம்.

அதே மாரியில், மாமனார் வழி வந்த தன் பழைய வீட்டில், கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, றேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, கில்பட் மாஸ்டர் முன்பு தான் பூசிய சீமெந்தைக் கொத்திக் கொத்திச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். மந்திரம் எதுவும் சொல்லவில்லை.