மேஜைமேல் நீச்சல்

மயிலாப்பூர், சித்திரக்குளம்,
ஆங்கிரஸ வருஷம் ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மகா கனம் பொருந்திய மாமா அவர்கள் திருவடிகளுக்கு மாப்பிள்ளை ஸ்ரீரங்கன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இவ்விடம் நானும் தங்கள் புத்திரி ஜானுவும் க்ஷேமம். மன்னார்குடியில் தாங்களும் மாமியும் பசுமாடும் ரைஸ்மில்லும் க்ஷேமமாயிருக்கப் பெருமாள் அநுக்கிரகம் பண்ணவேண்டும். கடிதத்தின் தலைப்பில் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கமாதலால் நானும் எழுதிவிட்டேன். உள்ளபடிக்கு க்ஷேமம்தானா என்பதைத் தாங்கள் கடைசிவரை வாசித்துவிட்டுச் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன். நின்றுகொண்டு படிக்கவேண்டாம், உட்கார்ந்துகொள்ளவும். மாமிக்குப் படித்துக் காட்டுவதானால் தவளை வருகிற இடத்தை மட்டும் தாண்டிவிடவும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது. போய்விட்டது என்று இன்னும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் நேற்று நடந்த கூத்துக்குப் பிறகு அதை வேறு யாராவது வந்து சொல்லவேண்டுமா என்ன? நான் இந்த ஹைஸ்கூலில் இதுநாள்வரை ஆக்டிங் வாத்தியாராகத்தான் இருந்து வருகிறேன் என்பதும், இன்ஸ்பெக்டர் துரை வந்து என் வகுப்பைப் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும் என்பதும், எழுதாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்பதும் தாங்கள் அறிந்ததே. மூட்டை கட்டினால் எங்கே போவது? தங்கள் ஆத்துக்குத்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக நான் வந்து உட்காருவதில் தங்களுக்கும் இஷ்டமில்லை, எனக்கும் இஷ்டமில்லை. கல்யாணமான நாள்முதல் நாம் இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். அதற்கே இப்போது ஆபத்து வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் புது ஹெட்மாஸ்டர். மனுஷர் தங்கமானவர்தான், ஆனால் எங்கேயோ போய் டைரக்ட் மெதட் என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். அதாவது இங்கிலீஷ் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசப்படாது. எந்த வினைச்சொல்லுக்கும் அர்த்தம் சொல்லப்படாது, வாத்தியாரே அதைச் செய்து காட்டவேண்டும், செய்துகொண்டே தான் என்ன செய்கிறோம் என்று இங்கிலீஷில் உரக்கச் சொல்லவேண்டும், பையன்கள் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லவேண்டும். 'ஓப்பன்' என்பதற்காக நான் கதவைத் திறந்து திறந்து கீல் கழன்று, தச்சனைக் கூப்பிடவேண்டியதாயிற்று. 'ஈட்' என்பதற்கு வாழைப்பழம் வாங்கிப்போய் எல்லோர் முன்னாலும் தின்றேன், வாயில் பழத்தோடு இங்கிலீஷ் பேசினதில் புரையேறி, அன்றைக்குப் பையன்கள் 'காஃப்' என்ற வார்த்தையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். 'ஸ்லீப்' பாடத்தன்று பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடினேன் பாருங்கள், மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் பலமாக இருந்ததால் நிஜமாகவே தூங்கிப்போனேன். மணி அடித்துத்தான் எழுந்தேன். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த ஹெட்மாஸ்டர் பாடம் வெகு தத்ரூபமாக இருந்ததென்று முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜானுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்னா, நீங்க பாடம் சொல்லிக்கொடுத்துட்டு வரேளா, இல்லே பயாஸ்கோப்புல வேஷம் கட்டிண்டு வரேளா? கோட்டெல்லாம் ஒரே சுண்ணாம்பும் பழமுமா இருக்கே!" என்று தினமும் கேட்பாள்.

ஸ்லீப்புக்கு அடுத்த பாடம் 'ஸ்விம்'. மாமா, இந்த வெள்ளைக்காரன் இருக்கிறானே, அவன் பாஷையில் இது சாதாரண வார்த்தையாம். குழந்தைகூடச் சொல்லுமாம். ஹெட்மாஸ்டர் ரூமில் இருக்கிற தலையணை அகராதியை எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் மனுஷன் கைகால் அடித்துப் போவதும் ஸ்விம், வறட்டியும் கட்டையும் சும்மா மிதப்பதும் ஸ்விம், நெய்யில் அப்பம் முழுகிக் கிடப்பதும் ஸ்விம், கண்ணில் ஜலம் தளும்பினால் அதுவும் ஸ்விம், தலை கிறுகிறுத்தாலும் ஸ்விம்! நமக்கு நீந்துவது, மிதப்பது, ததும்புவது, சுற்றுவது என்று வேலைக்கு ஒரு ஆள் இருக்கிறது, அவனுக்கு எல்லா வேலைக்கும் ஒரே ஆள். போனால் போகிறதென்று பார்த்தால் ஹெட்மாஸ்டர், "மிஸ்டர் ஸ்ரீரங்கன், ஆல் மீனிங்ஸ், ஆல் பை ஆக்ஷன்" என்று உத்தரவு போட்டுவிட்டார். கண்ணுக்கு வெங்காயம் வாங்கிவரலாமா சார் என்று கேட்டேன். வெரி குட் என்றார். மனுஷருக்குக் கேலியும் தெரியாது.

முதலில் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் வீசி வீசிக் காட்டினேன். சார் என்ன செய்கிறார் என்று கேட்டால், சார் கொசு ஓட்டுகிறார் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். சரியென்று போர்டில் ஒரு மீனை வரைந்து, அதைத் தொட்டுத் தொட்டு ஸ்விம் ஸ்விம் என்றேன். நன்றாகப் புரிந்துகொண்டதுபோல எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் ஒரு பையன் எழுந்து, "சார், நேத்து எங்க ஊட்ல ஸ்விம் கொழம்பு!" என்றான். அந்தச் சமயம் பார்த்துத்தானா ஹெட்மாஸ்டர் வராந்தாவில் வரவேண்டும்? பையன் சொன்ன அர்த்தம் தப்பு என்பதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை, வகுப்பில் தமிழ் பேசினான் என்பதற்காக எனக்குத் திட்டு.

அப்போதுதான் எங்கள் உருது வாத்தியார் முன்ஷி குலாம் ரசூல் சாகிப் எனக்கு யோசனை சொன்னார். அடுத்த வகுப்பில் இருந்துகொண்டு நான் படுகிற பாட்டையெல்லாம் தினமும் பார்த்துச் சிரிக்கிறவர் அவர். "இன்னா சார் நீங்க, தண்ணியே இல்லாத நீச்சல் எங்கனா கீதா? பசங்க கொசுன்னுதான் சொல்லுவானுங்கோ. ஒரு பெரிய அண்டா நெறையத் தண்ணி வையுங்க. ஒரு தவளையக் கொண்டாந்து உடுங்க. அது பாட்டுக்கு நீஞ்சிக்கினு இருக்கும், நீங்க பாட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கினு இருங்க. தவளைக்கு நான் ஜவாப்தாரி" என்றார். அந்த நேரத்தில் அது எனக்குத் தேவவாக்காகப் பட்டது. அண்டாவுக்கு நான் எங்கே போவேன்? நம்மாத்தில் பெரிய அண்டா ஒன்றுதான் இருக்கிறது. ஆம், மாமா, தாங்கள் கல்யாணத்துக்குச் சீராக வைத்த அதே அண்டாதான். ஜானு கோயிலுக்குப் போயிருந்தபோது கச்சேரி ரோட்டிலிருந்து ஒரு ஜட்கா பிடித்து, அதில் அண்டாவை உட்காரவைத்து நான் கூடவே நடந்து போனேன். வழியில் கண்டவரெல்லாம் எந்த ஆத்தில் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

நேற்று வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிற நாள். அண்டாவை என் மேஜையை ஒட்டி ஒரு முக்காலிமேல் வைத்து, வாய்வரை தண்ணீர் நிரப்பியாயிற்று. சாகிப் தம்முடைய குடிதண்ணீர்க் கூஜாவில் சித்திரக்குளத்துத் தவளை ஒன்றைக் கொண்டுவந்து அண்டாவில் கவிழ்த்துவிட்டு, "நல்ல ஜாதித் தவளை சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாதியென்ன வேண்டிக்கிடக்கிறது? நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. குச்சியால் தட்டினேன், கண்ணை மூடிக்கொண்டது. கையைக் கூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டேன், அசையவில்லை. என்னைப் பார்த்துத் தூங்கும் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டதோ என்னவோ. அதற்குள் வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டுவிட்டது. அகராதியில் போட்டிருந்த மாதிரியே எனக்குத் தலை நீந்த ஆரம்பித்துவிட்டது. தங்கள் ரைஸ்மில்லும் அதன் தவிட்டு வாசனையும் அந்த ஒரு க்ஷணத்தில் என் கண்முன்னால் வந்தன. அவ்வளவுதான், தலைப்பாகை, அல்பாகா கோட்டு, பஞ்சகச்சம் எல்லாவற்றோடும் மேஜைமேல் குப்புறப் படுத்து, கையையும் காலையும் அடித்துப் போர்டை நோக்கி நீந்தத் தொடங்கிவிட்டேன்.

துரை உள்ளே வந்தார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர். துரை தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "வாட் இஸ் ஹி டூயிங்?" என்று கேட்டார். மறுபடி கொசு என்று சொல்லிவிடப் போகிறார்களே! பெருமாளே, பெருமாளே என்று நான் இன்னும் வேகமாக நீந்த, வகுப்பு முழுக்க எழுந்து நின்று கூரை அதிர, "சார் இஸ் ஸ்விம்மிங்!" என்றது. மாமா, அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத முடியாது. அந்தச் சந்தோஷத்தில் காலை ஒரு எட்டு எட்டி உதைத்தேன். உதை அண்டாவில் விழுந்தது.

முக்காலி ஒரு பக்கம், அண்டா ஒரு பக்கம், தண்ணீர் எல்லாப் பக்கமும். துரை துள்ளி விலகினார். ஐயோ சார், மன்னிக்கணும் சார் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே ஹெட்மாஸ்டர் அவரைத் தாங்கிப்பிடிக்க ஓடிவந்து, ஈரச் சிமெண்டில் கால் வைத்து, மல்லாக்க விழுந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு முதல் பெஞ்சுவரை போய்ச் சேர்ந்தார். கையும் காலும் ஆகாயத்தில் அடித்துக்கொண்டன. யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. பையன்கள் முன்னைவிடப் பலமாக, "ஹெட்மாஸ்டர் இஸ் ஸ்விம்மிங்!" என்றார்கள். தண்ணீரோடு வெளியே வந்த தவளை ஒரே தாவாகத் தாவித் துரையின் தொப்பிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உடனே பின்பெஞ்சிலிருந்து, "ஃப்ராக் இஸ் நாட் ஸ்விம்மிங்!" என்று ஒரு குரல் வந்தது.

துரை தொப்பிக்குள் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டுப் புஸ்தகத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டு, நிஜாரைப் பிழிந்துவிட்டுப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் எழுந்து, சொட்டச் சொட்ட நின்று, "மிஸ்டர் ஸ்ரீரங்கன், யூ கோ ஹோம்" என்றார். அந்த நிலைமையிலும் வகுப்பில் தமிழ் பேசவில்லை, பார்த்தீர்களா?

வெளியே சாகிப் காத்துக்கொண்டிருந்தார். "தொர சிரிச்சாரா, மொறைச்சாரா?" என்று கேட்டார். "மீசை மறைச்சிண்டிருந்தது சாகிப், தெரியலை" என்றேன். "அல்லா கீறாரு சார், வூட்டுக்குப் போங்க" என்று அவரே ஜட்கா பிடித்து அண்டாவை ஏற்றிவிட்டார். வீட்டு வாசலில் ஜானு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். "வேலை போனா போறது. தவளை விட்ட அண்டாவுல இனிமே நான் தளிகைக்கு ஜலம் பிடிக்கறதா? அப்பா வெச்ச அண்டான்னா அது!" என்று புளியைப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தவள், தேய்த்துக்கொண்டே இருந்தாள், அண்டா எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது, அவள் நிறுத்தவில்லை. அப்புறம்தான் அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்தப் பட்டணத்தில் தனிக்குடித்தனம் என்று எவ்வளவு ஆசையாக வந்தாள்! அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. இருவருமாக அழுதுவிட்டு, ரசஞ்சாதம் சாப்பிட்டோம்.

ஆகையால் மாமா, மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்கிறேன். தங்கள் ரைஸ்மில்லில் எனக்கு ஏதாவது ஒரு உத்தியோகம் போட்டுத் தரவேண்டும். மூட்டை எண்ணச் சொன்னாலும் எண்ணுகிறேன். அடுத்த வாரம் போட்மெயிலில் புறப்பட்டு வருகிறோம், ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பவும். மாடியறையை மாமி ஒழித்து வைத்தால் போதும், வேறு ஒரு சிரமமும் கொடுக்கமாட்டோம். ஊரார் கேட்டால் மாப்பிள்ளை ஹவா மாற்றத்துக்கு வந்திருக்கிறார் என்று சொல்லவும்.

மாமியின் திருவடிகளில் என் தெண்டனைச் சமர்ப்பிக்கவும். ஜானு தங்கள் இருவரையும் சேவித்துக்கொள்கிறாள். அண்டா சௌக்கியமாக இருக்கிறது, இடுப்பில் மட்டும் ஒரு சொட்டை.

இங்ஙனம், தங்கள் கிருபையே இனிக் கதியென்று இருக்கும்,
ஸ்ரீரங்கன்

பின்குறிப்பு: மேலே கண்டதை உறையில் போட்டு ஒட்டப்போகிற சமயத்தில் வாசலில் ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தில் கோபமில்லை. துரையின் ரிப்போர்ட்டு வந்துவிட்டதாம். தாம் பார்த்த பள்ளிக்கூடங்களிலெல்லாம் பையன்கள் நெட்டுருப் போட்டதைத்தான் ஒப்பித்தார்களென்றும், கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துக் கேட்காமலே தாங்களாக முழு வாக்கியம் இங்கிலீஷில் பேசிய வகுப்பு இது ஒன்றுதானென்றும், 'நாட்' போட்டுச் சொன்ன பையனுக்குப் பரிசு கொடுக்கவேண்டுமென்றும், இந்த வாத்தியாரை உடனே நிரந்தரமாக்க வேண்டுமென்றும் எழுதியிருக்கிறார். வேலை நிரந்தரம், மாமா! நிரந்தரம்! ஆகையால் வண்டி வேண்டாம், மில் வேண்டாம், இதைப் படித்து முடிப்பதற்குள் மாமி மாடியறையை ஒழித்திருந்தால் சாமான்களைப் பழையபடி அடைத்துவிடவும். இத்தனையையும் திருப்பி எழுதப் பொழுதில்லாததால் அப்படியே அனுப்புகிறேன், மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை, தாங்களும் படிக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம்தான். அடுத்த வாரம் சனிக்கிழமை பட்டணத்து இங்கிலீஷ் வாத்தியார்கள் எல்லோரும் வந்து இதே பாடத்தைப் பார்க்க வேண்டுமென்று துரை உத்தரவு போட்டிருக்கிறார். வியாழக்கிழமை நடந்ததில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதாம், அதன்கீழே கோடுவேறு போட்டிருக்கிறார். ஹெட்மாஸ்டர் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஸ்ரீரங்கன், நேத்திக்கு நான் மொதல்ல எந்தக் காலை வெச்சு வழுக்கினேன்?" என்று நல்ல தமிழில் கேட்டார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கோட்டை மடித்து வைத்துவிட்டு எங்கள் கூடத்தில் விழுந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். விழுவது நன்றாக வருகிறது, பெஞ்சுவரை போவதுதான் வரவில்லை. "குழந்தே, இன்னும் ஒரு சொம்பு ஊத்தும்மா" என்கிறார். ஜானு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.