நீலத் தட்டில் இருந்தது என் தக்காளிதான்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் மொட்டை மாடியில் இருக்கும் ஐந்து தக்காளிச் செடிகளும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பதாக உங்கள் மகன், அதாவது என் மருமகன், சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்கள் வாயால் கேட்டு இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது. நான் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. காலண்டர் டெலிபோனுக்கு மேலேயே மாட்டியிருப்பதால் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் அல்ல. மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு அன்று எதுவும் நடக்கவில்லை. "சம்பந்திக்கு நாலு வரி எழுதிப் போடுங்க" என்று என் மனைவி பத்து நாளாகச் சொல்கிறாள். நான் அதற்காகவும் எழுதவில்லை. நம் மகள் போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "அப்பா, நீங்களும் மாமாவும் பேசுற வரைக்கும் நான் அந்த வீட்டுக்கும் வரமாட்டேன், இந்த வீட்டுக்கும் வரமாட்டேன். குழந்தையையும் அனுப்பமாட்டேன். ஒரு தக்காளிக்காக யாராவது இப்படி முறைச்சுக்குவாங்களா? வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். ஒரு தக்காளி இல்லை, ஐந்து ரகம் என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் லைன் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் அவள் கல்யாணத்திலிருந்து ஒன்பது வருடமாக இருக்கிறது. இந்த மூன்று ஞாயிறும் நானும் என் மனைவியும் எட்டு நாற்காலி போட்ட மேசையில் ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பை நகர்த்தச் சொல்லக் கத்த வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே பாருங்கள். தக்காளி ருசியை ஒப்பிடுவது விளையாட்டுக் காரியம் இல்லை என்று நூலகத்தில் ஏழு புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழங்களைக் காலையில் செடியிலிருந்து பறித்து, குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் கொண்டு போகாமல் (குளிர்ந்தால் தக்காளியின் ருசி செத்துவிடும்), நானே ஒரே அளவாக வெட்டி, ஐந்து நிறத் தட்டில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் ரகத்தின் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டினேன். அதன்பிறகு என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் மனைவி தட்டுகளின் இடத்தை மாற்றினாள். எது எங்கே என்று எனக்கே தெரியாது. உப்பு கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு வாய் ரொட்டி, ஒரு மடக்குத் தண்ணீர். பத்துக்கு எத்தனை என்று ஆளாளுக்கு மதிப்பெண் எழுத வேண்டும். இதைவிட நேர்மையாக ஒரு தேர்வு நடத்த முடியுமா? முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். என் கை பட்ட எந்த லிஃப்ட்டும் ஒரு மாடி தவறி நின்றதாகப் புகார் வந்ததில்லை.

செர்ரித் தக்காளி இனிப்பு, ஆனால் தோல் தடிப்பு என்றார்கள். மஞ்சளுக்குப் புளிப்பே இல்லை, கறுப்பில் கொஞ்சம் புகை வாசனை. அதுவரை ஒரு சண்டையும் இல்லை. பிறகு நீலத் தட்டுக்கு வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கிற ஒரு மணம். நீங்கள் ஒன்பது போட்டீர்கள், நான் ஒன்பது போட்டேன், மருமகன் பத்து போட்டார். பச்சைத் தட்டுக்கு நீங்கள் மூன்று, நானும் மூன்று. அதோடு விடாமல் "நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி" என்று குறிப்பும் எழுதினேன். பிறகுதான் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தோம். நீலத்தின் அடியில் "தடியன்", அதாவது நான் எட்டு வருடமாக விதை எடுத்து வளர்க்கிற என் சொந்த ரகம். பச்சையின் அடியில் "மருந்துக்கடை", அதாவது நீங்கள் மாத்திரைக் கவரில் போட்டுக் கொடுத்த பன்னிரண்டு விதையிலிருந்து வந்தது. நான் எழுந்து நின்று இரண்டு தரம் படித்தேன். ஒரு தரம் போதும்தான், ஒத்துக்கொள்கிறேன். பேத்தி வேறு நாற்காலி மேல் ஏறி, "மாடித் தாத்தா ஜெயிச்சாச்சு! மருந்துத் தாத்தா அவுட்டு!" என்று கை தட்டினாள்.

அப்போது நீங்கள் நீலத் தட்டிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றுவிட்டு, "சம்பந்தி, இது என்னோடதுங்க. என் வீட்டுத் தக்காளி எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வெற்றி பெற்றவன் நின்றுகொண்டிருக்கும்போது அப்படிச் சொல்லலாமா? அதனால்தான் நான், "நாப்பது வருஷம் மருந்துக்கடையில உட்கார்ந்த மூக்கு. அதுக்கு மாத்திரை வாசனையைத் தவிர வேற என்ன தெரியும்?" என்றேன். நகைச்சுவையாகச் சொன்னது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. நீங்கள் கையைத் துடைத்து, துண்டை மடித்து வைத்துவிட்டு, "சரிங்க சம்பந்தி" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டீர்கள். ஏதாவது திட்டியிருந்தால்கூட நானும் திரும்பத் திட்டி, டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் எனக்கு எதிராகக் கிளம்பியிருக்கிறது. நான் பெயர்க்குச்சிகளை மாற்றி நட்டுவிட்டேனாம். விதை போட்ட அன்றைக்கு நீங்கள் மாடியில் என் பக்கத்தில் நின்று, "பென்சில்ல எழுதுங்க சம்பந்தி, பேனா எழுத்து வெயில்ல நிக்காது" என்றீர்கள். "பென்சில்ல எழுத நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று கேட்டுவிட்டு மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன். எழுத்து மூன்றாவது வாரம் மங்கியது உண்மை. ஆறாவது வாரம் ஐந்து குச்சியும் வெள்ளையாக நின்றதும் உண்மை. அதனால் என்ன? எந்தத் தொட்டியில் எது என்று எனக்கு மனப்பாடம். முதலில் செர்ரி, இரண்டாவது தடியன், மூன்றாவது மஞ்சள், நான்காவது மருந்துக்கடை, ஐந்தாவது கறுப்பு. நடுவில் குழாய்க்காரர் வந்து தண்ணீர் டேங்க் கழுவுவதற்காகத் தொட்டிகளை நகர்த்தி வைத்தார். "எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்ப வச்சிட்டேன் சார்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு நான் புதிதாகப் பெயர் எழுதி நட்டேன்.

காய் பிடித்தபோது ஐந்தாவது தொட்டியில் செர்ரியும் முதல் தொட்டியில் கறுப்பும் வந்தன. மனிதனுக்கு ஒரு சின்ன ஞாபக மறதி வராதா? அந்த இரண்டு குச்சியை மட்டும் பிடுங்கி மாற்றி நட்டேன். இதை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது தப்பாகப் போயிற்று. உடனே என் மனைவி, "ஏங்க, மொதல்ல இருந்தது கடைசிக்குப் போச்சு, கடைசில இருந்தது மொதலுக்கு வந்துச்சுன்னா, அந்தக் குழாய்க்காரரு வரிசையையே திருப்பி வச்சிருக்காரு. அப்ப ரெண்டாவதும் நாலாவதும் மட்டும் எப்படிங்க மாறாம நிக்கும்?" என்று கேட்டாள். மருமகனும் போனில், "மாமா, நானும் அதைத்தான் யோசிச்சேன்" என்று ஆரம்பித்தார். அவர் உங்கள் மகன், அப்படித்தான் யோசிப்பார். தடியனும் மருந்துக்கடையும் ஒரே சிவப்பு, ஒரே உருவம், ஒரே மாதிரி மடிப்பு, பார்த்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். மற்றவர்களுக்கு வேண்டுமானால் முடியாது. எட்டு வருடம் வளர்த்தவனுக்கு முடியும். அந்தத் தொட்டிக்கு முன்னால் தினமும் அரை மணி நேரம் நின்று பார்க்கிறேன், எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாத ஆள் எதற்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று இவள் கேட்கிறாள். இவளோடு பேசி ஜெயிக்க முடியுமா சம்பந்தி?

சரி, தக்காளியை விடுங்கள். எனக்கு வேறு ஒரு சங்கடம். தினமும் காலை ஏழரைக்கு நீங்கள் போன் செய்து, "வெள்ளை மாத்திரை போட்டாச்சா? மஞ்சள் சாப்பாட்டுக்கு அப்புறம், மறந்துடாதீங்க" என்பீர்கள். "நான் என்ன குழந்தையா?" என்று நானும் தினமும் கேட்பேன். இப்போது ஏழரைக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறேன். ரிசீவர் சரியாக வைத்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை வெள்ளை மாத்திரை போட்டேனா இல்லையா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. "போட்டீங்களே" என்றாள் இவள். ஐந்து நிமிடம் கழித்து, "நேத்துப் போட்டதைச் சொல்றேனோ?" என்றாள். இரண்டாம் தரம் போட்டால் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பிரஷராலா பயத்தாலா என்று யாரைக் கேட்பது? டாக்டரிடம் கேட்டால் அவர் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். நீங்கள் என்றால் "ஒண்ணும் ஆகாதுங்க, தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க" என்பீர்கள். உங்கள் எண்ணை முக்கால்வாசி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

எனவே நான் சொல்ல வருவது இதுதான். அன்றைய முடிவு முடிவுதான், மறுதேர்வுக்கு அவசியமில்லை. தடியனுக்கு ஒன்பது, மருந்துக்கடைக்கு மூன்று. ஆனால் உங்கள் மூக்கைப் பற்றி நான் சொன்னதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடச் சம்மதிக்கிறேன். நீங்கள் வரும் ஞாயிறு சம்பந்தியம்மாவுடன் வழக்கம் போல வாருங்கள். தக்காளியைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன், நீங்களாக ஆரம்பித்தால் ஒழிய. என் நல்லெண்ணத்துக்கு அடையாளமாக இத்துடன் இரண்டு தடியன் பழம் அனுப்புகிறேன். ஒன்பது மதிப்பெண் தக்காளி எப்படி இருக்கும் என்று நிதானமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். அவர்கள் முழங்கால் வலி குறைந்து, படி ஏறி வரும் அளவுக்குச் சுகமாக இருக்க வேண்டும் என்று இவள் வேண்டிக்கொள்கிறாள். நானும்தான். என் மருமகனிடம் அன்பைச் சொல்லவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல நாக்கோடும் இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உங்களுக்குப் பழம் பறிக்க மாடிக்குப் போனேன். தடியன் என்று நான் எழுதி நட்டிருந்த தொட்டியில் முட்டுக்குச்சி சாய்ந்திருந்தது. பிடுங்கி ஆழமாக ஊன்றலாம் என்று இழுத்தேன். மண்ணோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் துண்டு மேலே வந்தது. மாத்திரை டப்பாவிலிருந்து கத்தரித்தது. கழுவிப் பார்த்தேன். பென்சில் எழுத்து, நேற்று எழுதியது போல இருக்கிறது. "மருந்துக்கடை. விதைகள் பன்னிரண்டு. உச்சி வெயில் ஆகாது." உங்கள் கையெழுத்து. என் மாத்திரைப் பெட்டியில் தினமும் பார்க்கிற அதே கையெழுத்து. விதை போட்ட அன்று நான் தண்ணீர் கொண்டுவரக் கீழே போன நேரத்தில் புதைத்திருக்கிறீர்கள்.

ஆக, அன்றைக்கு நீங்கள் மாடிக்குப் போய் மண்ணைக் கிளறியிருந்தால் ஒரு நிமிடத்தில் என் வாயை அடைத்திருக்கலாம். பேத்தி நாற்காலி மேல் நின்று எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

எட்டு வருடமாக நனைந்த அட்டைப்பெட்டியை விதை எடுத்து வளர்த்திருக்கிறேன் சம்பந்தி. இவளிடம் இன்னும் சொல்லவில்லை. தடியனுக்கு நான் போட்ட மூன்றை மாற்றப்போவதில்லை, அது நியாயமான மதிப்பெண். பழம் அனுப்பவில்லை. உங்கள் பழத்தை உங்களுக்கே அனுப்புவானேன், ஞாயிறு வந்து நீங்களே பறித்துக்கொள்ளுங்கள். பேத்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேலே உள்ளதெல்லாம் பேனாவால் எழுதியது. ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் ஆறு வாரத்தில் போய்விடும். இந்தப் பின்குறிப்பை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.